ரெண்டு பேரும் உண்டு

கிரேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜின் கடைசியில் யாரோ ‘ம்’ என்று சொல்லியிருந்தார்கள்.

அனுப்பியதைத் திரும்பப் போட்டுக் கேட்பது அவள் பழக்கம். தன் குரலைத் தனக்கே சகிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்பாள். “அண்ணே, எங்க வீட்டுல ரெண்டு பேரும் உண்டு.” அவ்வளவுதான் அவள் பேசியது. அதன் பின்னால் ஃபேன் சுற்றும் சத்தம், ஜன்னல் கொண்டி தட்டும் சத்தம், பிறகு அந்த ‘ம்’. பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம் சரிதான் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி. மறுபடியும் போட்டுக் கேட்டாள். இருந்தது. வீட்டில் கிரேசியைத் தவிர வேறு யாரும் இல்லை. மெசேஜில் அவள் சொன்னது பச்சைப் பொய்.

ஈந்திவிளைக்காரர்களுக்கு மே மாத மத்தியானங்களில் வேறு ஜோலி கிடையாது. சோறு தின்ற கை காய்வதற்குள் முற்றத்தில் இறங்கிக் கிழக்கே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சிப்பாறை மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுத்து எழும்பினால், இந்த ரப்பர் சரிவின்மேல் ஒரு பாட்டம் இடித்துத் தீர்த்துவிட்டுத்தான் அருமனைப் பக்கம் நகரும். தென்னை கருகும், டிவி போகும், சில வருஷம் ஆளும் போகும். எதிர்வீட்டு ராஜையனின் மனைவி அப்படிப் போனவள்தான். மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போன இடத்தில் இடி விழுந்து கிடந்தாள். அக்கா வீட்டில் இருப்பாள் என்று ராஜையனும், வீட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்று அக்காவும் நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். காலையில் ரப்பர் பால் வெட்ட வந்தவர்கள் பார்க்கும்போது எறும்பு மொய்த்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆள் கேட்பது என்கிற ஏற்பாடு வந்தது. சரிவின் உச்சியில் ஜெயசிங்கின் வீடு. பட்டாளத்திலிருந்து திரும்பியவர், கொஞ்சம் கறார். மேகம் கறுத்ததும் மொட்டைமாடியில் ஏறி நின்றுகொண்டு, வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கேட்பார். எத்தனை ஆள் உள்ளே என்று குரலில் சொல்லவேண்டும். எழுதிப் போட்டால் ஏற்கமாட்டார். ஒரு ஆள் குறைந்தாலும் ஆண்பிள்ளைகள் ஜீப்பை எடுத்துக்கொண்டு மழைக்கு முன்னால் தேடிப் போவார்கள். ஆள் சரியென்றால் எல்லா வீட்டிலும் கதவு அடைபடும். இடி ஓய்கிற வரை யாரும் வெளியே இறங்கக்கூடாது, இரும்பைத் தொடக்கூடாது. டவர் போய்விட்டால் இடிக்கும் இடிக்கும் நடுவில் கூவிக் கேட்பார். நல்ல ஏற்பாடுதான். போன வருஷம் ஓடைக்கு அக்கரையில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தையே அப்படித்தான் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஜீப் போனால் பெனிஷா எங்கே இருக்கிறாள் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோகும்.

பெனிஷா கிரேசியின் ஒரே மகள். கல்லூரி முடித்துவிட்டாள். அப்பா மஸ்கட்டில். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழித்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வருகிறார்கள். பையன் துபாயில் நல்ல வேலை, சொந்த வீடு, ஒரு கெட்ட பழக்கம் இல்லை. பெனிஷாவுக்கோ கீழே பால் வெட்ட வருகிற ரெஜின்மேல் காதல் பிராந்து. நேற்று அது தெரிந்ததும் கிரேசி அவளைச் செருப்பால் அடித்தாள். ஃபோனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள். இன்று சாப்பிட்டுவிட்டு இவள் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் பெண் பின்வாசல் வழியாக இறங்கிவிட்டது. எங்கே என்று தெரியாமல் இல்லை. ஓடைக்கு அப்புறம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரைக் கொட்டகை ஒன்று இருக்கிறது, ரெஜின் அங்கேதான் கிடப்பான். அந்தப் புரையிலிருந்து அவளை நாலு ஆண்பிள்ளைகள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தால், அதற்குப் பிறகு குழித்துறையிலிருந்து எவன் வருவான்? ஈந்திவிளைக்காரர்களின் வாய்க்கு இடி எவ்வளவோ மேல். அது ஒரு தடவைதான் விழும்.

ஆகவே ரெண்டு பேரும் உண்டு என்று சொல்லிவிட்டாள்.

ஜெயசிங்கின் பதில் வந்தது. எல்லா வீட்டிலும் ஆள் சரி, கதவை அடையுங்கள் என்றார். அத்துடன் டவர் போயிற்று.

கிரேசி முன்பக்கத்து கிரில் கதவைப் பூட்டினாள். பின்வாசல் மரக்கதவைச் சாத்தி, தாழ் மட்டும் போடாமல் விட்டாள். மழைக்கு முன்னால் ஓடிவந்தால் சத்தமில்லாமல் நுழையட்டும். வரட்டும், வந்ததும் காலை ஒடிக்கிறேன் என்று முணுமுணுத்தாள். கர்த்தாவே, மழைக்கு முன்னால் கொண்டுவந்து சேரும் என்று அதே மூச்சில் வேண்டிக்கொண்டாள்.

கரண்ட் போனது. ஃபேன் ஓய்ந்த பிறகுதான் வெளியே எதுவுமே அசையவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. காற்று அடியோடு நின்றுபோய், சரிவு முழுக்க ரப்பர் இலைகள் தொங்கிய இடத்திலேயே தொங்க, அடுக்களை மூலையில் பழுத்துக் கிடந்த சக்கைப்பழத்தின் கனத்த வாடையும் சாக்கில் கட்டி வைத்த ஒட்டுப்பாலின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைக்க, கோழிகள் நேரங்கெட்ட நேரத்தில் கூட்டில் ஏறி ஒன்றையொன்று நெருக்கி முனக, மத்தியான வெளிச்சம் மஞ்சளாகிப் பழுப்பாகி, எதிரே கிடந்த நாற்காலிகூட இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி கூடம் இருண்டுகொண்டு வந்தது. மலையில் இடி உருண்டது. பக்கத்தில் இல்லை. ஆனால் நிற்காமல் உருண்டுகொண்டே இருந்தது.

அந்த இருட்டில் பின்வாசல் தாழ் விழுந்தது.

உள்ளேயிருந்து போட்ட தாழ். இரும்பு மரத்தில் இடித்து உட்காரும் சத்தத்தைக் கிரேசி நன்றாகவே கேட்டாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“வந்தியாட்டி?”

“ம்.”

படுக்கையறைப் பக்கமாகக் காலடி போயிற்று. கிரேசி எழுந்து பின்னாலேயே போனாள். கட்டிலின் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி, தலையில் துவர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு பெண் உட்கார்ந்திருந்தது. கிரேசி வாசற்படியில் நின்று திட்ட ஆரம்பித்தாள். குடும்ப மானத்தைப் பற்றி, மஸ்கட்டில் வெயிலில் கிடந்து கருகுகிற அப்பனைப் பற்றி, கண்ட வெட்டுக்காரனுக்குப் பின்னால் போகிற கொழுப்பைப் பற்றி, இருந்த பயத்தையெல்லாம் வசவாக மாற்றிக் கொட்டினாள். கொட்டக் கொட்ட நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. பிள்ளை வந்துவிட்டது, அது போதும். பெண் துவர்த்தால் தலையைத் துவட்டிக்கொண்டே, இடையிடையே ‘ம்’ என்றது.

துவர்த்து நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டிலுக்கடியில் தேங்கியிருந்தது.

“மழ இன்னும் பெய்யல்லியே,” என்றாள் கிரேசி. “தல எப்பிடிட்டி நனஞ்சுது?”

“ம்.”

அப்போதுதான் அந்த வாடை அவளுக்கு எட்டியது. வெட்டுக்கத்தியை ஈரக்கல்லில் தீட்டும்போது வருகிற வாடை. அறை முழுக்க அதுதான். பெனிஷாவின் சோப்பு வாசனை இல்லை, எண்ணெய் வாசனை இல்லை. புகைப்புரையில் இருந்துவிட்டு வந்தவள்மேல் புகை வாசனைகூட இல்லை.

உச்சியிலிருந்து ஜெயசிங் கூவத் தொடங்கினார். ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லி, ஆள் உண்டா என்று. வீடுகள் ஒவ்வொன்றாகப் பதில் கூவின. ராஜையனின் கரகரத்த குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. அடுத்தது தன் வீடு.

“கிரேசீ, ஆள் உண்டா?”

அவள் வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்குமுன் கட்டிலிலிருந்து பதில் போயிற்று.

“அண்ணே, எங்க வீட்டுல ரெண்டு பேரும் உண்டு.”

பெனிஷாவின் குரல் இல்லை. கிரேசியின் குரல். அந்த ‘அண்ணே’யில் இருந்த சின்ன நடுக்கம், ‘ரெண்டு’ என்பதற்கு முன்னால் எச்சில் விழுங்கிய இடைவெளி, எல்லாம் அப்படியே. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவளுக்கு அடையாளம் தெரியாதா?

“சரி,” என்று மேலேயிருந்து ஜெயசிங் ஏற்றுக்கொண்டார். அடுத்த வீட்டைக் கூவிக் கேட்டார்.

கிரேசி பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் பட்டது. சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். அதன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பார்க்க வேண்டாம். பார்க்கவே வேண்டாம். கூவி ஜெயசிங்கைக் கூப்பிடலாம். என்னவென்று சொல்வது? எண்ணிக் கொடுத்ததில் ஒன்று என் பிள்ளை இல்லை என்றா? அப்படியானால் பிள்ளை எங்கே என்று கேட்பார்களே.

மழை வந்து விழுந்தது. தூறல், சாரல் என்று எதுவும் இல்லாமல் மொத்தமாக ஓட்டின்மேல் கொட்டியது. மின்னலும் இடியும் ஒன்றாகவே வரத் தொடங்கின. அந்த இரைச்சலுக்குள் முன்பக்கத்து கிரில் கதவு குலுங்கியது.

“அம்மா! அம்மா, தொற!”

சிவப்பு மழைக்கோட்டு. அதற்குள் பெனிஷா. முடி முகத்தில் ஒட்டி, ஒரு காலில் செருப்பில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு. இரண்டு கையாலும் கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். இதுதான் பிள்ளை. இதில் கிரேசிக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. பெற்றவளுக்கு வராது. பின்னால் எத்தனையோ தடவை அவள் அதை நினைத்துப் பார்த்தாள். சந்தேகம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

“பின்வாசல் பூட்டியிருக்கும்மா. யாரும்மா பூட்டுனது? எனக்கு பேடியா இருக்கும்மா. தொற.”

சாவி கிரேசியின் இடுப்பில் இருந்தது. எடுத்தாள். பூட்டை நோக்கி இரண்டடி வைத்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மனைவி போனதிலிருந்து மழை நேரத்தில் ராஜையன் அந்த ஜன்னலை அடைப்பதில்லை. அவர் வெள்ளைச் சட்டை அங்கே நிழலாடியது. மழைத் திரைக்கு நடுவே அவருக்கு இந்த வாசல் தெரியுமா, தெரியாதா? ஆள் தெரியாவிட்டாலும் கோட்டு தெரியும். அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரெஜின் பைக்கில் போவதை இந்தச் சரிவில் பார்க்காத ஆள் இல்லை. வீட்டுக்குள் உண்டு என்று இரண்டு தடவை சொன்ன பெண், மழையில் நனைந்து, வெட்டுக்காரன் கோட்டோடு வெளியிலிருந்து வந்து ஏறினால்?

கிரேசி நின்றுவிட்டாள்.

“ஏட்டி, சத்தம் போடாத,” என்றாள். “அந்த ஜன்னல் அடையட்டு. பின்னால போயி நில்லு, நான் வந்து தொறக்கேன்.”

மழையில் பெனிஷாவுக்கு அது கேட்கவில்லை. அம்மாவின் உதடு அசைவது மட்டும் தெரிந்திருக்கவேண்டும். முகத்தை கிரில்லோடு சேர்த்து அழுத்தினாள். என்னம்மா, என்னம்மா சொல்லுக, என்று கேட்டாள்.

“பின்னால போட்டி. கம்பிய விடு.”

கிரேசியின் தோளுக்குப் பின்னால் ஈரத் துணியின் சத்தம். வாடை.

பெனிஷா அம்மாவைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அம்மாவுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் கண் அகன்றது. வாய் திறந்தது. கை கிரில்லை இன்னும் இறுக்கியது.

“அம்மா,” என்றாள். “அது யாரு?”

வெள்ளை.

சத்தம்கூட இல்லை. முதலில் வெள்ளை மட்டும். கிரில்லின் ஒவ்வொரு கம்பியும் எரிந்தது. அதற்கு அந்தப்பக்கம் ஒரு கறுத்த உருவம். பிறகு சத்தம். பிறகு கிரேசி தரையில் கிடந்தாள். காதுக்குள் ஒரே இரைச்சல். வாயில் இரும்பு ருசி. கருகின முடியின் நாற்றம்.

கிரில்லில் இரண்டு கைகள் இருந்தன. விடவில்லை. மழை அவற்றின்மேல் பெய்துகொண்டிருந்தது. ஆவி பறந்தது.

ஏதோ ஒன்று அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது. ஈரமான மடி. விரல்கள் அவள் முடியைக் கோதிக் கொடுத்தன. குளிர்ந்த விரல்கள், கோதக் கோதச் சூடேறிக்கொண்டு வந்தன. கிரேசி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இடி தள்ளிப் போயிற்று. மழை குறைந்தது. அவள் மூடிய இமைமேல் வெளிச்சம் பட்டது.

“அம்மா, பேடிக்காத,” என்றது. இப்போது அது பெனிஷாவின் குரல்.

கண்ணைத் திறந்தாள். பெனிஷாவின் முகம். அதே புருவம், அதே சற்று வளைந்த முன்பல், கன்னத்தில் நேற்றைய செருப்படியின் தடம்கூட இருந்தது. புதிதாகத் துடைத்தெடுத்த பாத்திரம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. அது சிரித்தது. சிரிப்பு சரியான இடத்தில் வந்து நிற்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கிரில்லில் தொங்கியதை அவர்கள்தான் பிடித்து இறக்கிப் படியில் கிடத்தினார்கள். ராஜையன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். முகம் கம்பியில் அழுந்திக் கருகிப்போய், யாருடையது என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஜெயசிங் குடையை மடக்கிக்கொண்டு கோட்டைக் காட்டினார். இது ரெஜினுக்க கோட்டுல்லா, அவன் மழைக்கு முன்னாலேயே பைக்கில் பாலம் கடந்து போனதை மாடியிலிருந்து பார்த்தேனே என்றார்.

உள்ளே இருந்தது எழுந்தது. கிரேசியின் கைக்குள்ளிருந்து சாவியை உருவிக் கதவைத் திறந்தது. படியில் கிடந்ததைப் பாவாடை படாமல் தாண்டி முற்றத்தில் இறங்கியது. ஜெயசிங் அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“மோளே, நீ உள்ளதான் உண்டா. நான் ஒரு நிமிஷம் பயந்துபோனேன்,” என்றார். பிறகு சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். “நம்ம ஆளு எல்லா வீட்டுலயும் உண்டு. ரெண்டு தடவ கேட்டாச்சு. அப்ப இது வெளியூர் பிள்ள.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. யாரோ ஒரு பெண், அவள் பெற்றோர் எங்கே தேடுகிறார்களோ பாவம் என்று ஒரு குரல் சொன்னது. வெட்டுக்காரனை நம்பி வந்த கழுதைக்கு இப்படித்தான் வரும் என்று இன்னொரு குரல் சொன்னது.

கிரேசி தவழ்ந்து படிக்கு வந்தாள். செருப்பில்லாத அந்தக் கால் அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சேறு படிந்த சின்னப் பாதம், பெருவிரலை விட நீண்ட இரண்டாம் விரல். பிறந்தபோது இதைத்தான் முதலில் பார்த்துச் சிரித்தாள். உன் அப்பன் கால் என்று எத்தனை நாள் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள்.

“கிரேசி,” என்றார் ஜெயசிங். “ஒனக்க வாசல்லதான் வந்து நிண்ணுருக்கு. ஏதாவது பேசிச்சா? அடையாளம் தெரியுதா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முற்றத்தில் நின்றதும் பார்த்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, பதில் என்னவென்று தெரிந்துகொள்ள ஆவலாக. வெயில் அடித்தது. ரப்பர் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் பிள்ளை என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பின் எல்லாம் கேட்பார்கள். ஏன் உண்டு என்றாய், ஏன் திறக்கவில்லை, சாவி எங்கே இருந்தது. கிரேசி வாயைத் திறந்தாள். கொள்ளியால் சுட்டதுபோல் ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவில் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது.

“தெரியாது அண்ணே.”

போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று ஜெயசிங் ஃபோனோடு டவர் தேடி மேட்டில் ஏறினார். மற்றவர்கள் ஒரு பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்து படியில் கிடந்ததை மூடினார்கள். கால் மட்டும் வெளியே நீண்டிருந்தது. ராஜையன் அதையும் இழுத்து மூடினார்.

முற்றத்தில் நின்றது திரும்பி வந்து, கிரேசியைக் கைத்தாங்கலாகத் தூக்கி, மெல்ல அடுக்களைக்கு நடத்திக்கொண்டு போனது. அதன் கை இப்போது நல்ல சூடாக இருந்தது. அவளைப் பலகையில் உட்கார வைத்தது. பிறகு ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்து பார்த்தது. சோறு, மீன்குழம்பு, மூலையில் கிடந்த சக்கை. எதையும் எடுக்காமல் அவள் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

“பசிக்குதும்மா,” என்றது. “எனக்கு என்ன பிடிக்கும்?”